மகளின் கைப்பேசி: அனுபவமுள்ளவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஒன்பது வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு உள்ளது. நான்கு இட்லிக்கு எத்தனை யூனிட் இன்சுலின், விளையாட்டு வகுப்புக்கு முன் என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம், தன்னைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் அவள் கூச்சமின்றிப் பேசிப் பழகினாள். தனக்கு மட்டுமில்லை என்ற தெம்பும் அங்கேதான் வந்தது.

அதே கைப்பேசியில் இன்ஸ்டாகிராமும் இருக்கிறது. நள்ளிரவு தாண்டியும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. பிறந்தநாள் படத்துக்குப் பதினொரு லைக் மட்டுமே வந்ததென்று அழித்துவிட்டாள். உடல் மெலிவது பற்றிய காணொளிகளைப் பார்த்தபின் தானும் மெலிய வேண்டுமென்று இருமுறை இன்சுலின் ஊசியைத் தவிர்த்ததுதான் எங்களைக் கலங்கடித்தது. இன்சுலின் குறைந்து இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடினால் உயிருக்கே ஆபத்து என்பது அவளுக்கும் தெரியும். மருத்துவரிடம் உடனே சொல்லிவிட்டோம்.

நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனநலப் பாதிப்பின் அபாயம் இருமடங்கு என அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2023இல் எச்சரித்திருக்கிறார். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார் என் மாமியார். பிடுங்கினால் குழுவும் போய்விடுமே!

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், கைப்பேசி, இணையப் பழக்கத்தைச் சீராக்க உதவும் ஷட் (SHUT) பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களும், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழில் பேசியவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் இரவில் கட்டுப்பாடு வைப்பதற்குப் பிள்ளையைச் சண்டையின்றிச் சம்மதிக்க வைத்தவர்கள், அந்தப் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்?