மைக்ல சத்தமே இல்ல, மிடி லைட் மட்டும் மினுக்குது, உதவி பண்ணுங்கண்ணே

கோயில்தெரு_தம்பி:
வணக்கம், ரங்கூன்லேர்ந்து எழுதுறேன். ஞாயித்துக்கெழம தேவார வகுப்புக்கு வர்ற புள்ளைங்க பாடுறத ரெக்கார்ட் பண்ணலாம்னு காசு சேத்து பழைய இன்டர்ஃபேஸ் (மைக்க லேப்டாப்போட சேக்குற பெட்டி) ஒண்ணு வாங்கினோம், ரெண்டு மைக் ஓட்டை, பின்னாடி மிடி இன், அவுட் ரெண்டும் இருக்கு. கண்டென்சர் மைக் ஒண்ணு இருக்கு, 48 வோல்ட் பட்டன் அமுக்கி சிவப்பு லைட்டும் எரியுது ஆனா சத்தம் சுத்தமா இல்ல. கீபோர்ட மிடி கேபிள்ல போட்டா லைட் மினுக்குது, ஸ்பீக்கர்ல ஒண்ணும் கேக்கல. இது போதாதுன்னு கூடவே ஒரு ங்ங்ங்னு இரைச்சல் வேற. மைக் செத்துப்போச்சா?

மோல்மீன்_மிக்ஸர்:
மைக் மேல பழி போடாத தம்பி, கேபிள் என்ன கேபிள்? ரெண்டு முனையும் எப்படி இருக்குன்னு சொல்லு.

கோயில்தெரு_தம்பி:
கரோக்கே செட்ல வந்ததுண்ணே. மைக் பக்கம் மூணு பின், இந்தப் பக்கம் கிடார்ல குத்துற மாதிரி தடி பின். இதே கேபிள்ல கரோக்கே மைக் போட்டா மெதுவா கேக்குது, அதனாலதான் கேபிள் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்.

மோல்மீன்_மிக்ஸர்:
அதேதான். அந்த ஓட்டைய நல்லா பாரு, சுத்தி மூணு சின்ன ஓட்டை, நடுவுல ஒரு பெரிய ஓட்டை. 48 வோல்ட் அந்த மூணு ஓட்டை வழியாத்தான் போகும், நடு ஓட்டை கிடாருக்கும் கீபோர்டுக்கும், அதுல வராது. கரோக்கே மைக் டைனமிக், உள்ள காயிலும் காந்தமும்தான், கரண்ட் வேண்டாம், நடு ஓட்டைல கெய்ன் (சத்தத்த ஏத்துற அளவு) பத்தாததால மெதுவா கேட்டிருக்கு. கண்டென்சர் உள்ள சர்க்யூட் இருக்கு, கரண்ட் இல்லாட்டி அது வெறும் இரும்புதான். ரெண்டு பக்கமும் மூணு பின் இருக்க எக்ஸ்எல்ஆர் கேபிள் வாங்கு. ஸ்பீக்கர கொறச்சு, கேபிள் குத்தினப்புறம் 48 வோல்ட் போடு, கழட்டும்போது முதல்ல அத அணைச்சு கொஞ்சம் பொறுத்து கழட்டு, இல்லன்னா டம்முனு அடிக்கும்.

பெகு_அக்கா:
மிடிக்கு நான் சொல்றேன் தம்பி. லைட் மினுக்குதுன்னா கேபிள் சரியாத்தான் இருக்கு, கீபோர்டு அவுட் இன்டர்ஃபேஸ் இன்னுக்குப் போயிருக்கு. ஆனா மிடில சத்தம் போகாதுப்பா. அது சுரம் எழுதின நோட்டு மாதிரி, எந்தக் கட்டைய எப்ப எவ்ளோ அழுத்தமா அமுக்கினேங்கிறது மட்டும்தான் போகும், அத யாராச்சும் பாடணும்ல? ரீப்பர்ல, அதான் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல, ட்ராக் போட்டு, இன்புட்ல மிடிய எடுத்து, ஒரு இன்ஸ்ட்ருமென்ட் ஏத்தி, ரெக்கார்ட் பட்டன சிவப்பாக்கி மானிட்டர் ஆன் பண்ணு, கேக்கும். அமுக்கினதுக்கும் கேக்குறதுக்கும் நடுவுல இழுத்தா பஃபர (லேப்டாப் ஒரு தடவைக்கு சேத்து வெச்சு அனுப்புற சத்தத்தோட அளவு) 128 சாம்பிளுக்கு கொறச்சுக்கோ, 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 3 மில்லி செகண்டுகூட இல்ல, ஆனா லேப்டாப் பழசுன்னா படபடன்னு வெடிக்கும், அப்ப 256ல வெச்சுக்க.

தபேலாக்காரன்:
தேவாரத்துக்கு மிடி எதுக்குங்க? கீபோர்டோட லைன் அவுட்டயே ரெண்டாவது ஓட்டைல குத்து, இன்ஸ்ட் பட்டன (கிடாருக்குப் போடுறது) அணைச்சு வெய்யி, வேல முடிஞ்சுது.

பெகு_அக்கா:
தப்பா அமுக்கின கட்டைய அப்புறம் திருத்தலாம்ல, அதுக்குத்தான். புள்ளைங்க வாசிச்சா தெரியும் உங்களுக்கு 😄

கோயில்தெரு_தம்பி:
எக்ஸ்எல்ஆர் வாங்கினேன், மைக் பேசுது!! மிடியும் கேக்குது அக்கா. ஆனா லைன் அவுட்டயும் குத்தி பாத்தேன், அப்பத்தான் இரைச்சல் ஜாஸ்தி. லேப்டாப் சார்ஜர புடுங்கினா டக்குனு நிக்குது. எங்க வீட்ல ரெண்டு பின் ப்ளக்தான், பாதி நாள் இன்வெர்டர்லதான் ஓடுது.

மோல்மீன்_மிக்ஸர்:
எர்த் இல்லாத ப்ளக்ல சார்ஜர்லேர்ந்து கசியுற கரண்டு யூஎஸ்பி வழியா வந்து கீபோர்டு கேபிளோட ஷீல்டுல (உள்கம்பிய சுத்தி இருக்க வலை) போவும், அதத்தான் நீ கேக்குற. வெல கம்மி இன்வெர்டர்னா அலை கட்டம் கட்டமா வரும், இன்னும் கிர்ர்னு இருக்கும். மிடி கேபிள் மேல சந்தேகப்படாத, அஞ்சு பின் மிடில உள்ள வெளிச்சத்துலதான் தகவல் தாண்டுது, கரண்டு நேரா தாண்டாது. லேப்டாப்ப பேட்டரில ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணு. முடியாட்டி கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்க டிஐ பாக்ஸ் (கரண்டு நேரா தாண்டாம சத்தத்த மட்டும் விடுற பெட்டி) போட்டு, ஷீல்டு இணைப்ப துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச தட்டு. எர்த் பின் இருக்க ப்ளக்ல மட்டும் அந்தப் பின்ன ஒடைக்காத, பாதிப் பேரு அததான் பண்றானுங்க, ஷாக் அடிச்சா புள்ளைங்க நிக்குற எடம்.

கோயில்தெரு_தம்பி:
பேட்டரில ஓட்டினேன் அண்ணே, இரைச்சல் போயே போச்சு. நல்லா பாடிக்கிட்டிருக்கும்போதே கரண்டு வந்துருச்சு, தெருவே சேந்து "மீ லா பீ"ன்னு (பர்மால கரண்டு வந்துருச்சுன்னு அர்த்தம்) கத்துனது கண்டென்சர்ல அவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு. அந்த டேக் போச்சு, அடுத்த ஞாயிறு திரும்ப எடுக்கணும்.