பழைய மாசி 1035 டிராக்டர் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வாழப்பாடி பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர். பாதி மரவள்ளி, மீதி பாக்கு. உழவுக்கு வாடகை வண்டி சொன்னால், ஈரம் காய்ந்த பிறகுதான் வருகிறது. அதனால் ஆத்தூர் பக்கம் விலைக்கு வந்திருக்கும் ஒரு பழைய மாசி பெர்குசன் 1035 வண்டியைப் போய்ப் பார்த்தோம். அப்பாவுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை.

நாங்கள் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஆறியிருந்தால் கிளம்பச் சிரமப்படும் என்று முன்பே ஓட்டி வைத்தார்களோ என்று மனதை உறுத்துகிறது. ஞாயிறு விடியற்காலையில் போய், ஆறிய இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கப் போகிறோம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று தெரியும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதையும் பார்த்துவிடுவேன்.

எனக்குப் பிடிபடாதது, கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்தான். கலப்பையைத் தூக்கி வைத்து இன்ஜினை நிறுத்தினால் எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்க வேண்டும்? மெதுவாக இறங்கினால் சீல் மாற்றினால் போதுமா, லிப்டையே பிரிக்க வேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும்?

அப்புறம் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, 15 வருடம் தாண்டியும் புதுப்பிக்கவில்லை. விற்கிறவரே புதுப்பித்துத் தந்த பிறகு பணம் கொடுப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? சேஸ் எண்ணை மட்டும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டேன், சரியாக இருக்கிறது.

ஆத்தூர், வாழப்பாடி பக்கம் மாசி வண்டி நன்றாகத் தெரிந்த மெக்கானிக் யாராவது ஞாயிறு எங்களோடு வர முடியுமா? அன்றைய கூலியைக் கொடுத்துவிடுகிறோம்.