திருகோணமலைக்காரரே, உங்கள் கடல் எது?

கேள்வி
பதிவிட்டவர்: கோட்டையடி வாசகி

ஊரவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கும் பிள்ளை அண்மையில் என்னிடம் ஒன்று கேட்டார். "மாமி, இந்த ஊரில் யாராவது கடற்கரைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால், எந்தக் கடற்கரைக்குப் போகிறார் என்று வீட்டிலுள்ளவர்களுக்கு எப்படித் தெரிகிறது?" டச் பேக்குத்தான், வேறெங்கே என்று நான் உடனே சொன்னேன். பக்கத்திலிருந்த என் கணவரோ, அது உன்னுடைய தாய்வீட்டு வழக்கம், எங்கள் வீட்டில் கடற்கரை என்றால் அன்றும் இன்றும் உப்புவெளிதான் என்றார். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் எங்கள் இருவருக்கும் கடல் வெவ்வேறு என்பது அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் பேச்சில் வந்தது.

நகரத்தின் அமைப்பு அப்படிப்பட்டது. பிரெட்ரிக் கோட்டையும் கோணேசர் கோயிலும் இருக்கும் முனைக்குத் தெற்கே டச் பே, வடக்கே பெக் பே, நகரத்தின் மேற்குப் புறத்தில் உட்துறைமுகம் என்று மூன்று பக்கமும் நீர் சூழ்ந்திருக்க, இடையில் உள்ள ஒடுங்கிய நிலத்தில் நாம் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். அதற்கு அப்பால் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, கொட்டியாரக் குடா என்று கரை நீண்டுகொண்டே போகிறது.

ஆகவே உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்கள் கடல் எது? அங்கே எந்த வேளையில் போய் இருப்பது உங்களுக்குப் பிடிக்கும்? கரையில் இருக்கும்போது எதைச் சாப்பிடுவீர்கள்? வாடைக் காலத்துக் கடல் பிடிக்குமா, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்துக் கடல் பிடிக்குமா? எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும் என்பதில்லை. எந்தக் கடற்கரை சிறந்தது என்ற விவாதமும் வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்காக அதை எழுதிவைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டாருக்குச் சொந்தமான கடலைப் பற்றியே அறிய ஆசைப்படுகிறேன்.

என் விடையையும் சொல்லிவிடுகிறேன். டச் பே, பௌர்ணமி மாலை. கடல் கிழக்கு நோக்கி இருப்பதால் நிலவு நேரே நீரிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் சில அந்த வேளையில் வெளியே வந்து மனிதரைச் சற்றும் பொருட்படுத்தாமல் நடமாடும். கையில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை இருந்தால் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவையில்லை.

மறுமொழி 1
பதிவிட்டவர்: திருக்கடலூர் மகன்

அக்கா, நல்ல கேள்வி. என் கடல் பெக் பே. என் தகப்பனார் கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், ஒருவரிடம் தொழில் செய்தவர் என்பதால், கடற்கரை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் பொழுதுபோக்கு என்ற பொருள் ஒருபோதும் இருந்ததில்லை. இருந்தும் நான் சிறுவயதில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த இடம் எது என்று கேட்டால் அந்தக் கரையைத்தான் சொல்வேன்.

நான் விரும்பும் வேளை விடியற்காலை. கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். வலைக்கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை வளைத்து இறக்கிக்கொண்டு, மறு நுனியைச் சற்றுத் தொலைவில் உள்ள இன்னொரு கூட்டத்தாரிடம் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு இரண்டு கூட்டத்தாரும் இடுப்பை வளைத்துப் பின்புறமாக நடந்து கயிற்றை இழுப்பார்கள். ஒருவர் அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடுவார், மற்றவர்கள் அடியெடுத்துக் கொடுப்பார்கள், அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரும். கடைசியில் வலையின் மடி கரையேறும்போது அதற்குள் சூடையும் கீரியும் காரலும் நெத்தலியும் வெள்ளி நிறத்தில் துடிக்கும். கயிற்றில் கைகொடுத்த சிறுவர்களுக்கு ஒரு கை மீன் கிடைக்கும். அதைச் சட்டைத் துணியில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். அம்மா அந்தச் சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மீனை மட்டும் வாங்கிக்கொள்வார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கரையில் வெறும் பிளேன்ரீயும் பணிசும்தான். உண்மையான சாப்பாடு வீட்டில், அரிசிமாப் பிட்டும் புளி விட்டு வைத்த சூடை மீன் குழம்பும். சூடையில் முள் அதிகம் என்று வெளியூரவர்கள் ஒதுக்குவார்கள். அந்த முள்ளை நாக்காலேயே பிரித்தெடுக்கப் பழகியவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் விருப்பம் கச்சான் காலம். அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் அலையடங்கிக் கிடக்கும், காலையில் பார்த்தால் குளம் என்றே தோன்றும். ஆனால் அதே காற்று சிறு தோணிகளை ஆழ்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகக்கூடியது. அமைதியாக இருக்கிறதே என்று நம்பி இறங்க வேண்டாம் என்று தகப்பனார் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தார்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: உவர்மலை

உட்துறைமுகம். நேரம், சூரியன் மறையும் வேளை. கிழக்குக் கரையில் பிறந்தவர்களுக்குக் கடலில் சூரியன் உதிப்பது அன்றாடக் காட்சி, நீருக்கு அப்பால் மறைவதைப் பார்ப்பதுதான் அரிது. எங்கள் நகரத்தில் மேற்கு நோக்கிய நீரும் இருப்பதால் இரண்டும் வாய்த்திருக்கின்றன, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் வரை இருந்துவிட்டு வருவேன். எதுவும் சாப்பிடுவதில்லை.

மறுமொழி 3
பதிவிட்டவர்: கிண்ணியா துறையடி

அனைவருக்கும் ஸலாம். கோட்டையடி வாசகி அவர்கள் கொட்டியாரக் குடாவை ஒரு சொல்லில் கடந்துவிட்டார்கள். ஆகவே அதன் பக்கம் நின்று நான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கடல் என்பது கடக்க வேண்டிய ஒன்று. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, வைத்தியசாலைக்கோ அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கோ பெரிய கடைகளுக்கோ போக வேண்டுமென்றால் துறையடிக்கு வந்து, பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். வாகனங்களும் சைக்கிள்களும் ஆடுகளும் நெல்மூட்டைகளும் மணப்பெண்ணின் சீர்வரிசையும் ஒரே தட்டில் ஏறி மறுகரைக்குப் போகும். அவசரமான வேலை உள்ளவர்களுக்கு அது பெரும் தொல்லை என்பதை நான் மறுக்கவில்லை. நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களின் துயரம் எனக்குத் தெரியும். அதனால் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வந்தபோது ஊரே மகிழ்ந்ததில் நியாயம் இருக்கிறது, நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் நீங்கள் கேட்டது பிடித்தமான வேளையை அல்லவா? எனக்குப் பிடித்தது அந்தக் காத்திருப்பு வேளைதான். என் வாப்பா அதிகம் பேசாதவர். துறையடியில் மட்டும் பேசுவார். பக்கத்தில் நிற்பவர் மூதூர்க்காரரா, தம்பலகாமத்தவரா, நகரத்தவரா என்று விசாரிப்பார், வயலையும் மீனையும் பற்றிப் பேசுவார், யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசியிருக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொள்வார். கொட்டியாரத்தில் கப்பலோடு வந்திறங்கி, 1660ஆம் ஆண்டு கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கதையைப் பாதை வரும் வரை நின்று எனக்குச் சொன்னவரும் அவரே. நொக்ஸ் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தத் தீவில் சிறையிருந்தார் என்று கேட்டபோது, நாங்கள் பாதைக்காகக் காத்திருப்பது எனக்குப் பெரிய விடயமாகவே படவில்லை.

இப்போதும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பாலத்தின் நடைபாதையில் போய் நிற்பேன். தூண்டில் போடும் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். இறால் வடை கிடைத்தால் சாப்பிடுவேன்.

மறுமொழி 4
பதிவிட்டவர்: கோட்டையடி வாசகி

கிண்ணியா சகோதரருக்கு நன்றி. நகரத்தில் வளர்ந்த எனக்குப் பாதை என்பது மூதூரிலிருந்த உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் வரும் ஒரு மகிழ்ச்சியாக மட்டுமே இருந்தது. அங்கே நாள்தோறும் நின்றவர்களின் பார்வையிலிருந்து இப்போதுதான் அதைப் பார்க்கிறேன். திருக்கடலூர்த் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: அம்பாப் பாடல்களில் உங்கள் தகப்பனார் பாடியவை நினைவிருந்தால், தனிப் பதிவாக எழுதிவையுங்கள். இயந்திரத்தால் கயிறு இழுக்கும் இடங்களில் பாட்டுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

மறுமொழி 5
பதிவிட்டவர்: தம்பலகாமம் வயற்கரை

எல்லோரும் கடலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்களிடம் கேட்டால் வாவியைத்தான் சொல்வோம். ஆயினும் கிண்ணியாப் பாலத்துக்குக் கீழாக நுழைந்து எங்கள் ஊருக்கு வருவதும் அதே கொட்டியாரத்துக் கடல்நீர்தான் என்பதால், எனக்கும் இங்கே எழுத உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

தம்பலகாமக் குடாவின் நீர் ஆழமற்றது, அலையற்றது. அடியில் சேறு. அந்தச் சேற்றில் வாழும் தட்டையான சிப்பிகளின் ஓடு கண்ணாடித்தாளைப் போல் ஒளி ஊடுருவக்கூடியது. ஒரு காலத்தில் அவற்றிலிருந்து சிறு முத்துக்களை எடுப்பதற்காக அரசாங்கமே இந்தக் குடாவைக் குத்தகைக்கு விட்டது. மன்னார் முத்துக்களைப் பற்றி அறிந்த எத்தனையோ பேர் இதைக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு எப்போதும் மனக்குறை. கோணமாமலைப் பதிகத்தில் கடல் முத்துக்களைக் கரையில் கொழிப்பதாகச் சம்பந்தர் பாடியிருப்பதைக் கோயிலில் கேட்கும்போதெல்லாம் என் மனம் எங்கள் வாவிக்குத்தான் போகும். அவர் பாடியது கோயிலடிக் கடலை என்று நன்றாகத் தெரிந்தும் அப்படித்தான் போகிறது.

வேளை, அறுவடை முடிந்த பின்னேரம். வாவிக்கரையில் எருமைகள் நீரில் கிடக்கும், கொக்குகள் அவற்றின் முதுகில் நிற்கும். சாப்பாடு எது என்று எங்கள் ஊரவரிடம் கேட்கவே வேண்டாம். சட்டியில் உறைந்த எருமைத்தயிர், அதன்மேல் பாணி என்னும் பாகு அல்லது சீனி. தயிர்ச்சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையக்கூடாது, அதுதான் நல்ல தயிருக்கு அடையாளம்.

மறுமொழி 6
பதிவிட்டவர்: நிலாவெளி உப்பளத்தடி

கோட்டையடி அக்காவின் மருமகளுக்காக இதை எழுதுகிறேன், ஏனெனில் அவருக்கு இன்னும் சொந்தமாக ஒரு கடல் அமையவில்லை. தெரிவுசெய்வதற்கு முன் எல்லாவற்றையும் உரிய பருவத்தில் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடலில் இறங்கிக் குளிக்க உகந்த காலம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. மார்கழியில் வருபவர்கள் வாடைக்காற்றில் கலங்கிய நீரைப் பார்த்துவிட்டு, நிலாவெளியைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்கிறார்கள். அதே மார்கழிக் கடலைக் கரையில் நின்று பார்ப்பது வேறொரு இன்பம். எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். மழைமேகம் கடலின்மேல் நகர்ந்து வருவது தெரியும், கரையில் ஆளே இருக்காது, உப்பளங்களில் மழைநீர் தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

புறாத்தீவுக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். அங்கே நீருக்குள் இறங்கும்போது முருகைக்கற்களின்மேல், அதாவது பவளப்பாறைகளின்மேல், கால் வைக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அவை உயிருள்ளவை, ஒரு கால் மிதித்து உடைத்ததை மீண்டும் வளர்க்க அவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். பங்குனி முதல் ஆவணி வரையான மாதங்களில் கோணேசர் கோயிலுக்குப் போனால், தரிசனம் முடிந்ததும் உடனே இறங்கிவிடாமல் இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவின் பக்கமாக நின்று தொலைவில் பாருங்கள். கரைக்கு அருகிலேயே கடல் மிக ஆழமாக இருப்பதால் நீலத்திமிங்கிலங்கள் அந்தப் பக்கம் வருவதுண்டு. நீரிலிருந்து செங்குத்தாக வெண்புகைபோல் ஒன்று எழுந்து மறைந்தால் அது திமிங்கிலத்தின் மூச்சு.

சாப்பாட்டுக் கேள்விக்கு என் விடை பாலைப்பழம். வெயில் காலத்தில் காட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வீதியோரம் கூறுகட்டி விற்பார்கள். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். தின்ற பிறகு உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் போய்விடும் என்று மருமகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.