ஆங்கிலப் பாடத்தின் வரலாறு மெக்காலேயோடு முடிந்துவிடுகிறதா?

பி.எட். மாணவி, விழுப்புரம்:
‘இந்தியாவில் ஆங்கிலம் கற்பித்த வரலாறு’ என்று செமினாருக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எங்கே தேடினாலும் ஆங்கிலக் கல்வியே வேண்டும் என்ற 1835 மெக்காலே குறிப்பு, இந்தியக் கல்விக் கொள்கை பற்றிய 1854 உட் அறிக்கை, 1857-ல் மூன்று பல்கலைக்கழகங்கள். எல்லாமே மேலிடத்து முடிவுகள். வகுப்புக்குள் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கடலூர்:
மெக்காலேயை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள் அம்மா. அவருக்கு முன்பே, 1817-ல், கல்கத்தாக்காரர்கள் தாங்களே முன்னின்று ஆங்கிலக் கல்விக்காக இந்துக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள்.

டாக்காவுக்குப் போங்கள். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், 1926-ல் வங்காளப் பள்ளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்; எந்த வகுப்போடு நின்றாலும் அதுவரை படித்தது பயன்பட வேண்டும்; ஆகவே முதலில் வாசிக்கக் கற்றுக்கொடு என்றார். அளவான சொற்களில் வாசிப்புப் புத்தகங்களும் போட்டார். கடைசிப் பரீட்சையை மட்டும் பார்த்துப் பாடத்திட்டம் போடும் நாம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

அப்புறம் நம் பக்கம். 1950-களில் சென்னை மாநிலத்தில் ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டம் வந்தது. வாக்கிய அமைப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிப் பழக்குவது. ‘திஸ் இஸ் எ புக்’ என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். நானும் அப்படிப் படித்தவன்தான். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டால் வாய் வராது.

இதற்கு மாற்றாக, ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979-லிருந்து ஐந்தாண்டு பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பார்கள். இப்படி ஒரு கணக்கை ஆசிரியர் எல்லோரோடும் பேசிப் பேசிப் போடுவார். அதேமாதிரி இன்னொன்றை அவரவர் தனியாகப் போட வேண்டும். மனம் விடையைத் தேடும்போது மொழி தானே படியும் என்பது பிரபுவின் கருத்து. ‘டாஸ்க்’ (செய்துமுடிக்கக் கொடுக்கும் வேலை) வழிக் கற்பித்தல் என்று இன்று உலகம் பேசுவதற்கு முன்னோடி இந்தச் சோதனை. அதில் கடலூர் இருப்பது எங்கள் ஊர் ஆசிரியர்களில் பலருக்கே தெரியாதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சென்னை வாசகர்:
எழும்பூரையும் சேருங்கள். 1789-ல் அங்கே படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை ஏற்றுக்கொண்ட ஆண்ட்ரூ பெல், நம் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையே கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை மாதிரி. 1797-ல் அவர் லண்டனில் இதைப் புத்தகமாக்க, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் ‘மதராஸ் முறை’யில் படித்தார்கள்.

பி.எட். மாணவி:
சார், பிரபுவின் வகுப்பில் பிள்ளைகளைக் குழுவாகப் பேசவிட்டார்களா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கடலூர்:
இல்லை. ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று குழு வேலையைத் தவிர்த்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. தயங்குகிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம்தான் முதலில் வாய் திறக்கும். 1987-ல் வந்த அவருடைய ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’யில் அவர் சொல்லும் காரணத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.