வெளிநாட்டு பாஸ்போர்ட்காரருக்கு வீடு விட்டால்: சி ஃபார்ம் அனுபவங்கள்

வல்லம்வாசி:
வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்ம் லாட்ஜுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு நம்ம பக்கம் இன்னும் போகவில்லை. தனி வீடும் அதில் சேர்த்திதான். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நாடி பார்க்க வந்தவருக்கு மாடி ரூம் கொடுத்தாலும், தஞ்சாவூரில் பரதம் கற்க வந்த பெண்ணுக்குப் போர்ஷன் விட்டாலும், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் ஏற்ற வேண்டும். 1946 வெளிநாட்டினர் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, கெடு மாறவில்லை. லாகின் உடனே கிடைக்காது, ஒப்புதல் ஆகி வரவேண்டும். ஆள் வந்தபிறகு விண்ணப்பித்தால் கெடு தாண்டிவிடும். அட்வான்ஸ் வாங்கும்போதே அந்தத் தளத்தில் கணக்கைத் திறந்துவிடுங்கள். சிக்கல் வந்தால் மாவட்ட எஸ்.பி. ஆபீஸில் கேளுங்கள், எஸ்.பி.தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி.

குடந்தை மாடிவீடு:
வல்லம் அண்ணன் சொன்னது சரி. நிரப்பும்போதுதான் கோளாறே. மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் 'ஏ/எல்' (இன்னார் மகன்) போட்டு அப்பா பெயரோடு முழுப்பெயரும் ஒரே வரியில் இருக்கும். அதை வெட்டி சர்நேம் கட்டத்தில் போடாதீர்கள். இருக்கிறபடியே கிவன் நேமில் அடியுங்கள். ஈ-விசா தாளில் அப்ளிகேஷன் ஐடி, ஈடிஏ (பயண அனுமதி) எண் என்று இரண்டு இருக்கும், விசா எண்ணுக்கு இரண்டாவதுதான். இந்தியா வந்த தேதிக்கு டிக்கெட்டைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டித் திருச்சியில் இறங்கும் விமானமென்றால் ஒருநாள் தள்ளிப்போகும். உங்கள் வீட்டுக்கு வந்த தேதிக்குத் தனிக் கட்டம். நடுவில் மதுரையில் தங்கியிருந்தால் அதை அங்குள்ளவர் போட்டிருப்பார், உங்கள் 24 மணி நேரம் உங்கள் வாசலில்தான் தொடங்கும்.

பெயரைப் பார்த்து 'நம்ம ஆளுதானே' என்று விடுபவர்கள்தான் அதிகம். பாஸ்போர்ட் எந்த நாடோ அதுதான் கணக்கு.

திருவையாறு:
ஒன்று விட்டுப்போச்சு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் அவரே தன்னைப் பதிய வேண்டும். அங்கே இருப்பிடச் சான்றாகக் கேட்பது இந்த சி ஃபார்ம் நகலும் வாடகை ஒப்பந்தமும்தான். கையில் ரொக்கம் போதும், அக்ரிமென்ட் எதற்கு என்கிற வீட்டுக்காரரால் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம்தான் தொங்கும். பிரிண்ட் எடுத்து ஒரு நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுங்கள்.