புதுப்பிப்பு: மூத்த பேராசிரியரின் நிதி விண்ணப்பத்தை மதிப்பிடுவது எப்படி?

வேலூரில் எங்கள் கல்லூரியில், ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் வெளியே போகும் முன் சக பேராசிரியர்களே படித்துக் கருத்துச் சொல்வார்கள். நிலவியல் துறையின் மூத்தவருடையது என்னிடம் வந்தது; மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

என் பெயரை மறைத்துக் கருத்து எழுதும் யோசனை எடுபடவில்லை. சின்னத் துறை, இரண்டு வரி படித்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். பலித்தது இன்னொன்று: தீர்ப்பாக எழுதாமல், வெளி மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் கேள்வியாக எழுதுவது. அதோடு நேரில் உட்கார்ந்து பேசினேன்.

பாலாற்றுப் படுகை நிலத்தடி நீரில் குரோமியம் பற்றிய திட்டம் அது. "எந்தக் குரோமியம்?" என்பதுதான் முதல் கேள்வி. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் வகை (குரோமியம்-3). நச்சு அதிகம் உள்ளது ஆறிணைதிறன் வகை (குரோமியம்-6). விண்ணப்பத்தின் சுருக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே கிடந்தன. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், மொத்தக் குரோமியத்துக்கானது. எனவே வகை பிரித்து அளக்கும் முறையையும் விளக்க வேண்டியிருந்தது.

"ராணிப்பேட்டைக்காரனுக்கே இதைச் சொல்லணுமாப்பா?" என்றார், தோல் ஆலைகள் நிறைந்த ஊர்க்காரரான அவர்.

"டெல்லியில் இதைப் படிக்கிற மதிப்பீட்டாளருக்குச் சொல்லணும் சார்."

சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

எதிர்பாராதது பட்ஜெட்டில் வந்தது. விண்ணப்பத்தைப் படித்த இன்னொருவர் வேதியியல் துறை. கேட்டிருந்த கருவி தங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது என்றார்! அதை நீக்கி, களப்பணிக்குக் கூடுதல் தொகை சேர்த்தோம்.

அதே நிதி அழைப்புக்கு விண்ணப்பிப்பவர் மதிப்பிடக் கூடாது என்று இங்கே ஒருவர் எழுதியதையும் ஒருங்கிணைப்பாளர் ஏற்றுக்கொண்டார். விண்ணப்பம் போய்விட்டது, முடிவு இன்னும் வரவில்லை. அப்புறம், என்னுடையதை அடுத்த சுற்றில் படிக்கப்போவது அந்த மூத்தவர்தான்.