நம்ம வீடு குழு: தாத்தாவின் காது

செல்வி அத்தை: அப்பாவிடம் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்கிறார், கத்தினால் "ஏன் கத்துகிறாய்" என்று கோபம் வருகிறது. ஆனால் தெருமுனையில் லாரி வந்தால் முதலில் சொல்பவர் அவர்தான்

குமார் சித்தப்பா: அக்கா, காது மெஷின் வாங்கிவிடலாமா? இங்கே முத்தியால்பேட்டையில் கடை இருக்கிறது

தேன்மொழி: சித்தப்பா, சோதிக்காமல் மெஷின் வாங்கவே கூடாது. நான் படிப்பதே இதைத்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா இருக்கிறது, அதற்குள் சுமார் 35 மி.மீ. நீளச் சவ்வு. வாசல் பக்கம் குறுகலாக, விறைப்பாக இருக்கும், உள்ளே போகப் போக அகலமாகித் தளர்ந்துவிடும். கீச்சுக் குரல் வாசல் பக்கத்தை அதிர வைக்கும், லாரி உறுமல் உள்முனை வரை போகும். எந்த இடம் அதிர்கிறது என்பதை வைத்துத்தான் மூளை பெரும்பாலும் ஒலியைப் பிரிக்கிறது

தேன்மொழி: சவ்வில் இப்படி ஓடும் அலையைக் கண்டறிந்த விஞ்ஞானி பெக்கேசிக்கு 1961-ல் நோபல் கொடுத்தார்கள். இறந்தவர்களின் காதில் பார்த்தார், உயிருள்ள காது இன்னும் கூர்மை. சவ்வின் மேல் மயிர்ச்செல்கள் என்று ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் இருக்கின்றன, அவற்றில் வெளி வரிசையில் இருப்பவை தாங்களே நீண்டு சுருங்கி மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும். தாத்தா எத்தனை வருடம் படகு எஞ்சின் பக்கத்திலேயே நின்றார்! வயதும் இரைச்சலும் முதலில் கெடுப்பது வாசல் பக்கத்துச் செல்களைத்தான். ச, ஸ, ஃப எல்லாம் அங்கேதான் விழும். லாரி கேட்கும், "பசிக்குதா" என்பதில் பாதி போய்விடும்

குமார் சித்தப்பா: அப்போ நம் நாய் மணி? யாருக்கும் ஒன்றும் கேட்காதபோது காதைத் தூக்குகிறான்

தேன்மொழி: நமக்கு இளமையில் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும், நாய்க்கு சுமார் 45,000, வௌவால்களில் பல 1 லட்சத்தையும் தாண்டும். லாட வௌவால் தன் எதிரொலி வரும் அந்த ஒரே சுருதிக்காகச் சவ்வில் பெரிய இடத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறது, எனக்கு இதைப் படித்தபோது தூக்கமே வரவில்லை. கோழிக்கு மயிர்ச்செல் செத்தாலும் திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது

செல்வி அத்தை: அய்யோ. அப்போ நான் கத்துவது?

தேன்மொழி: வேண்டாம் அத்தை. மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி அவருக்கும் நம்மைப் போலவே காதில் அறையும், அதனால்தான் கோபம். டிவியை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள், உதடு தெரிய வேண்டும்

குமார் சித்தப்பா: சரி, வியாழக்கிழமை கடலூர் வருகிறேன், அப்பாவைக் காது டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன்

செல்வி அத்தை: காலையிலேயே வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பழைய சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்து வைக்கிறேன்